இஸ்ரேலிலிருந்து கொச்சி யூதச் சபை ஒன்று மூதாதையர் மண்ணுக்கு வருகிறது: 26 பேர், டிசம்பர் 2026. திட்டம் எப்படி இருக்க வேண்டும்?

கணவாய்க்காற்று:

வணக்கம். இஸ்ரேலில் குடியேறிய கொச்சி யூதக் குடும்பங்களின் சபை ஒன்று குழுவாகக் கேரளா வருகிறது. மொத்தம் 26 பேர், அதில் ஆண்கள் 14. எழுபதைத் தாண்டியவர்கள் 9 பேர், இருவர் சக்கர நாற்காலியில். குடும்பங்களின் பூர்வீகம் வடக்குப் பரவூர், சேந்தமங்கலம், மாளா, எர்ணாகுளம். ஓய்வுநாளும் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை) உணவுக் கட்டுப்பாடும் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள். ஹனுக்கா (எட்டு நாள் விளக்குத் திருநாள்) வாரத்தை ஒட்டி வர விரும்புகிறார்கள்.

பயண முகவர் தந்த வரைவு 8 நாள்: மூணாறு இரண்டு, தேக்கடி ஒன்று, ஆலப்புழை படகு வீடு ஒன்று, கோவளம் இரண்டு, மட்டாஞ்சேரி யூதத் தெரு "இரண்டு மணி நேரம்". இதை வைத்து ஒப்புக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முசிறித்துறை:

அந்த வரைவை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள். மூணாறு தேயிலையைப் பார்க்க இவர்கள் வரவில்லை.

முதலில் ஒரு அடிப்படை. கேரளத்தில் மரபாக எட்டு யூதப் பள்ளிகள், அதாவது தொழுகைக் கூடங்கள். மட்டாஞ்சேரியில் மூன்று: பரதேசி, கடவும்பாகம், தெக்கும்பாகம். எர்ணாகுளத்தில் இரண்டு, அவையும் கடவும்பாகம், தெக்கும்பாகம் என்றே பெயர் கொண்டவை. பிறகு பரவூர், சேந்தமங்கலம், மாளா. கடவு என்றால் துறை, தெக்கு என்றால் தெற்கு. தமிழ்க் காதுக்கு விளக்கமே வேண்டாம்.

சுற்றுலாக்காரர்கள் போவது பரதேசிப் பள்ளிக்கு மட்டும். 1568இல் கட்டியது, 1760இல் மணிக்கூண்டு சேர்த்தது, தரையில் சீனத்து நீல வெள்ளை ஓடுகள். அழகான இடம், மறுப்பில்லை. ஆனால் பரவூர், மாளா குடும்பங்களின் தாத்தா பாட்டி அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. அவர்கள் மலபாரி யூதர்கள். பரதேசிகள் பின்னால் ஸ்பெயின், மேற்காசியப் பக்கமிருந்து வந்தவர்கள். பரதேசிச் சபை மலபாரிகளை நூற்றாண்டுக் கணக்கில் தன் உறுப்பினர்களாக ஏற்கவில்லை. அந்தப் பள்ளிக்குள்ளேயே, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களுக்குச் சம உரிமை இல்லாமல் இருந்தது, வழக்கறிஞர் ஏ. பி. சேலம் சத்தியாகிரகம் செய்துதான் அது 20ஆம் நூற்றாண்டில் மாறத் தொடங்கியது. முதியவர்கள் இதையெல்லாம் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களை நேரே பரதேசிக்குக் கூட்டிப்போய் "இதுதான் உங்கள் கோயில்" என்று வழிகாட்டி சொன்னால் மனம் கசந்துவிடும்.

1954, 55 ஆண்டுகளில்தான் பெரும்பாலானோர் கிளம்பினார்கள். நெவாத்திம், மெசிலாத் சீயோன், தாவோஸ், அவியேசர், கிஃபார் யுவால் என்று விவசாயக் கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆகவே எழுபது தாண்டியவர்களில் சிலர் கேரளத்தில் பிறந்திருக்கலாம், மற்றவர்கள் கதை கேட்டு வளர்ந்தவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் சொந்த ஊர், சொந்தப் பள்ளி, சொந்தக் கல்லறைத் தோட்டம்: இந்த மூன்றைச் சுற்றித்தான் நாட்களை அடுக்க வேண்டும். பரதேசி கடைசியில் வரட்டும்.

பேர்ஷேபா:

நாள்காட்டியிலிருந்து தொடங்குங்கள், இல்லையென்றால் மற்றதெல்லாம் சரிந்துவிடும்.

2026இல் ஹனுக்காவின் முதல் விளக்கு டிசம்பர் 4, வெள்ளி மாலை. அதாவது யூத நாள்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் தேதி டிசம்பர் 5, சனிக்கிழமை. இந்தக் குழுவுக்கு அந்தத் தேதி சாதாரணத் தேதி இல்லை. மட்டாஞ்சேரியில் அடக்கமான நெகேமியா மோத்தாவின் நினைவுநாள் அது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஞானி, பாடலாசிரியர். யூதர்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஆனால் 2026இல் அந்த நாள் ஓய்வுநாளில் விழுவதால் தீ ஏற்ற முடியாது, வண்டியில் போக முடியாது. ஞாயிறு, டிசம்பர் 6 காலைக்கு மாற்றுங்கள். 2027க்குத் தள்ளிப்போட்டாலும் பயனில்லை, அந்த வருடமும் முதல் விளக்கு வெள்ளி மாலைதான், டிசம்பர் 24. ஃபோர்ட் கொச்சியில் கிறிஸ்துமஸ் நெரிசலில் அறை கிடைப்பதே கஷ்டம்.

இன்னொன்று: ஹனுக்கா எட்டு நாளும் துக்கம் பாடுவது, இரங்கல் உரை கிடையாது. பலர் அந்த நாட்களில் சொந்தக் கல்லறைக்குப் போக மாட்டார்கள். ஞானியின் நினைவுநாளுக்குப் போவது மட்டும் விலக்காக வழக்கத்தில் உண்டு. ஆக குடும்பக் கல்லறைகள் எல்லாம் டிசம்பர் 3 வியாழனுக்குள் முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் வந்திறங்கும் நாள் நவம்பர் 29, ஞாயிறு. முப்பதாம் தேதி திங்கள் ஓய்வு, சமையலறைத் தயாரிப்பு. பரவூர், சேந்தமங்கலம் பள்ளிகள் அருங்காட்சியகமாக இருப்பதால் திங்களன்று மூடியிருக்கும். அன்று போனால் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சாவிக்கொத்து:

மேலே சொன்னது சரி. தரையில் நடக்கிற விஷயங்களைச் சொல்கிறேன்.

இந்தப் பயணம் கெடுவது பெரும்பாலும் ஒரு சின்னப் பொருளால்: சாவி. ஒவ்வொரு பள்ளிக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் சாவி வேறு வேறு ஆளிடம். ஒன்று அரசுத் துறையிடம், ஒன்று அறக்கட்டளையிடம், ஒன்று பக்கத்துக் கடைக்காரரிடம். முந்தின நாள் மாலை ஒரு போன், அன்று காலை கிளம்பும் முன் ஒரு போன். சாவிக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தால் மாற்று ஆள் யார் என்பதையும் முதல் போனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழு போய்ச் சேர்வதற்கு அரை மணி நேரம் முன்பே உங்கள் ஆள் ஒருவர் பூட்டைத் திறந்து நிற்க வேண்டும். முதியவர்களை வெயிலில் பூட்டிய கதவின் முன் நிறுத்தாதீர்கள்.

பரவூர், சேந்தமங்கலம், மாளா மூன்றும் கேரள அரசின் முசிறி பாரம்பரியத் திட்டத்தின் கீழ் சீரமைக்கப்பட்டவை. உள்ளே பார்க்க நுழைவுச்சீட்டு போதும். பிரார்த்தனை நடத்த எழுத்தில் அனுமதி வேண்டும். குறைந்தது ஆறு வாரம் முன்னால் கடிதம் கொடுங்கள். அதில் தேதி, மணி, ஆள் எண்ணிக்கை, என்ன செய்யப்போகிறார்கள் (வாசிப்பு, பாடல், எவ்வளவு நேரம்), தீ ஏற்ற மாட்டோம் என்ற உறுதி, எல்லாம் இருக்கட்டும். கூரையும் மாடமும் மரம். எண்ணெய் விளக்கு என்ற சொல் கடிதத்தில் இருந்தாலே கோப்பு நகராது. சாதாரணப் பார்வையாளர் நேரத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் கேட்டால் அவர்களுக்கும் சுலபம், குழுவுக்கும் நிம்மதி.

வண்டி: 35 இருக்கை பேருந்து வேண்டாம். எர்ணாகுளம் யூதத் தெருவுக்கும் மட்டாஞ்சேரிச் சந்துகளுக்கும் அது நுழையாது. 17 இருக்கை டெம்போ டிராவலர் இரண்டு. ஒன்றில் பின்வரிசையைக் கழற்றிச் சக்கர நாற்காலிக்கு இடம் விடச் சொல்லுங்கள். மடித்த நாற்காலியை நடைபாதையில் வைத்து ஓட்டுவது ஆபத்து. எர்ணாகுளத்திலிருந்து பரவூர் 25 கிலோமீட்டர் வாக்கில்தான், ஆனால் தேசிய நெடுஞ்சாலை 66இன் நெரிசலுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பரவூரிலிருந்து சேந்தமங்கலம் பத்துப் பதினைந்து நிமிடம். மாளாவுக்குத் தனி அரை நாள். மூன்றையும் ஒரே நாளில் திணிக்கிற முகவர்கள் உண்டு. கடைசி ஊர்க்காரர்களுக்கு இருட்டில் பத்து நிமிடம்தான் மிஞ்சும். அந்தக் குடும்பம் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

கேரளப் பள்ளிகளில் செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போவார்கள். வேறு நாட்டு யூதர்களிடம் பொதுவாக இல்லாத வழக்கம் இது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை வாங்கி வையுங்கள், தரை வழுக்கும். பெண்கள் மாடத்துக்கு ஏறும் மரப்படி மிகச் செங்குத்து. ஏற முடியாத பாட்டிகளுக்குக் கீழேயே நாற்காலி போட அனுமதிக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கணவாய்க்காற்று:

மிக்க நன்றி. விசா பற்றியும் சொல்லுங்கள். அங்கே பிரார்த்தனைக்குச் சொந்தமாகத் தோரா (மோசேயின் ஐந்து வேதநூல்கள்) சுருள் கொண்டுவர விரும்புகிறார்கள். அது பிரச்சினையா?

பேர்ஷேபா:

சுருள் விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள் ஆகலாம். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை. தோரா சுருள் தோலில் கையால் எழுதியது. தாத்தா காலத்துச் சுருளை இஸ்ரேலிலிருந்து கொண்டுவந்தால், வரும்போது யாரும் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது சுங்கத்தில் "இது கேரளத்துப் பழம்பொருள்தானே" என்று நிறுத்தினால் என்ன ஆதாரம் காட்டுவீர்கள்? ஆகவே அண்மையில் எழுதிய சுருளையே கொண்டுவரச் சொல்லுங்கள், எழுதியவரின் சான்றோடு. வந்திறங்கும்போது சுங்கத்தில் அறிவித்து, படங்களுடன் முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். மரப்பெட்டியில் நிற்கிற சுருள் கைப்பைக் கணக்கில் அடங்காது. துணி உறையில் வருகிற சிறிய சுருள் வசதி. சரக்கோடு அதைப் போடச் சம்மதிக்க மாட்டார்கள், தனி இருக்கை வாங்க வேண்டிவரலாம்.

எத்தனை சுருள் என்பதும் கணக்குதான். டிசம்பர் 5 ஓய்வுநாளும் ஹனுக்காவும் சேர்வதால் இரண்டு வாசிப்பு, ஆதியாகமத்திலிருந்து ஒன்று, எண்ணாகமம் 7இலிருந்து ஒன்று. முறைப்படி இரண்டு சுருள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் நடுவில் சபை காத்திருக்க, ஆதியாகமத்திலிருந்து எண்ணாகமம் வரை சுற்ற வேண்டும். பழகிய இருவர் இருந்தால் முடியும், ஆனால் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

ஓய்வுநாள் தவிர திங்களும் வியாழனும் காலையில் சுருள் வாசிப்பு உண்டு. வியாழன் காலையை எர்ணாகுளம் கடவும்பாகத்தில் வையுங்கள். மார்க்கெட் ரோட்டில், முன்பக்கம் அலங்கார மீனும் செடியும் விற்கும் கடை. அதைத் தாண்டி உள்ளே போனால் பள்ளி. 2018இல் சீரமைத்து அங்கே மீண்டும் தோரா சுருள் வைத்தார்கள். கண்ணாடித் தொட்டிகளில் மீன்கள் நீந்த, நடுவே நடந்துபோய்ச் செதுக்கிய மரக்கதவைத் தொடும்போது முதியவர்களுக்குக் கால் நின்றுவிடும். அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

விசா: இஸ்ரேல் கடவுச்சீட்டுக்கு இ-விசா உண்டு, கொச்சி விமான நிலையம் வழியே நுழையலாம். படிவத்தில் பெற்றோர் பிறந்த இடம், முந்தைய குடியுரிமை கேட்கும். 1949க்கு முன் பரவூர் திருவிதாங்கூர், சேந்தமங்கலமும் மாளாவும் கொச்சி சமஸ்தானம். எல்லாவற்றுக்கும் "இந்தியா" என்றே போடுங்கள், ஊர்ப் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை வேறு விதமாகவும் எழுதினால் விண்ணப்பம் தாமதமாகும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு மட்டும் தூதரகத்தில் தனியாக எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஓசிஐ (வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினர்) அட்டைக்குக் கொள்ளுப்பேரன் வரை தகுதி உண்டு. கட்டாய ராணுவ சேவை செய்தவர்களுக்கும் அது கிடைக்கும் என்று 2017 ஜூலையில் பிரதமர் மோடி இஸ்ரேலில் அறிவித்தார். இந்தப் பயணத்துக்குள் அது வந்துசேரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

சாவிக்கொத்து:

இரண்டு சேர்க்கை. தங்கும் இடம் வெளிநாட்டு விருந்தினர் பற்றி அரசுக்குத் தரும் படிவத்தை (நெடுங்காலம் ஃபார்ம் சி என்று அழைக்கப்பட்டது) பதிவு செய்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். உரிமம் இல்லாத வீட்டுத் தங்கல் மலிவாக இருக்கும், பிறகு போலீஸ் வந்து நிற்கும். இரண்டாவது, செயற்கைக்கோள் தொலைபேசியும் அதே வகை செய்திக் கருவியும் இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. பாலைவன நடைக்குப் பழகியவர்கள் பையில் மறந்து வைத்திருப்பார்கள். கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பயண அட்டவணையைப் பொதுவெளியில் போடாதீர்கள், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு மட்டும் நகல்.

அடுப்படி:

உணவைப் பற்றி யாரும் பேசவில்லையே. 26 பேருக்கு 9 நாள், கோஷர் (யூத உணவு விதிப்படியான) உணவகத்தை நம்பி வர முடியாது. சமையலறையோடு முழு வீட்டை வாடகைக்கு எடுப்பதுதான் வழி.

இறைச்சியை மறந்துவிடுங்கள். மீன், முட்டை, காய்கறி, தேங்காய், அரிசி. கொச்சி யூதச் சமையலே இந்தத் திசையில்தான் வளர்ந்தது. இறைச்சியோடு பால் சேரக்கூடாது என்ற விதிக்குத் தேங்காய்ப்பால் கச்சிதமாகப் பொருந்துகிறது. துடுப்பும் செதிலும் உள்ள மீன் மட்டும்: கரிமீன், நெய்மீன், அயிலை, மத்தி. இறால், நண்டு, கணவாய், கல்லும்மக்காய், சுறா, கெளிறு கூடாது. துண்டு போட்ட மீன் வாங்காதீர்கள். முழு மீனாக, செதில் தெரிய வாங்க வேண்டும். இறால் வெட்டின பலகையிலும் கத்தியிலும் வெட்டவும் கூடாது. மீன்காரரிடம் நம் கத்தியைக் கொடுத்து, பலகைமேல் புது வாழையிலை விரித்து வெட்டச் சொன்னால் சிரித்துக்கொண்டே செய்து தருவார்கள்.

பாத்திரம் எல்லாம் புதிது. ஆனால் வாங்கியதும் அடுப்பில் ஏற்ற முடியாது. யூதரல்லாதவரிடம் வாங்கிய உலோக, கண்ணாடிப் பாத்திரங்களை இயற்கை நீரில் முழுக்கி எடுக்க வேண்டும், கடல் போதும். திங்கள் காலை வேலை இதுதான். பெரும்பாலும் எங்கே கெடும் என்றால் விலைச் சீட்டுப் பசையில். பாத்திரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. சீட்டை உரித்தாலும் அடியில் பிசுபிசுப்பு நிற்கும். தேங்காயெண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும். நகத்தால் தடவிப் பார்த்தால் தெரியும். 40 பாத்திரத்துக்கு இருவர் மூன்று மணி நேரம். துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் நெருக்காமல் போட்டு, நீர் எல்லாப் பக்கமும் நுழையும்படி முழுக்க வேண்டும். அலை அடிக்கிற இடத்தில் வேண்டாம், கரண்டியெல்லாம் போய்விடும்.

உள்ளூர்ச் சமையல்காரர் உதவலாம். ஆனால் இவர்கள் செபார்திய (ஸ்பெயின், மேற்காசிய யூதர் வழி) மரபு: அடுப்பை யூதர் பற்றவைத்தால் மட்டும் போதாது, பானையை அடுப்பில் ஏற்றுவதும் யூதராக இருக்க வேண்டும். அஷ்கெனாசியர் (ஐரோப்பிய யூதர்) பற்றவைத்தலோடு விட்டுவிடுவார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் "போன குழுவுக்கு இப்படித்தான் செய்தோம்" என்று வாதாடினால் ஒரு நாள் சமையல் முழுதும் வீண்.

கறிவேப்பிலை, கொத்தமல்லி, காலிஃபிளவர் மூன்றிலும் பூச்சி பார்க்க வேண்டும். கறிவேப்பிலையை இலை இலையாக உருவி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். அல்லது துணியில் முடிந்து குழம்பில் போட்டு எடுத்துவிடுங்கள். வினிகர் வாங்கும்போது திராட்சை வினிகர் வேண்டாம்.

ஒரு யோசனை: சின்ன உள்ளியை வதக்கிச் செய்கிற சுட்டுள்ளி மீன் ஒரு நாள் இருக்கட்டும். வந்தவர்களில் ஒரு பாட்டியே அடுப்பில் நிற்க விரும்புவார், தடுக்காதீர்கள்.

வட்டெழுத்து:

கல்லறைகள் பற்றி.

சேந்தமங்கலம் பள்ளி முன்னால் ஒரு கல் நிற்கிறது: சாரா பத் இஸ்ரேல், அதாவது இஸ்ரேலின் மகள் சாரா. 1269ஆம் ஆண்டுக் கல், இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டாகக் கருதப்படுவது. பழைய கற்களில் ஆண்டு செலூக்கிய ஊழியில் (கி.மு. 312இல் தொடங்கும் பழைய ஆண்டுக்கணக்கு) இருக்கும். 312 கழித்தால் கிறிஸ்து ஆண்டு, ஜனவரிக்குப் பிந்தைய மாதமென்றால் 311. பிந்திய கற்களில் யூத நாள்காட்டியின் உலகத் தோற்ற ஆண்டு. அதில் 3760 அல்லது 3761 கழிக்க வேண்டும். பரவூர்ப் பள்ளியின் 5376 என்பது 1616 ஆவது இப்படித்தான். சில கற்களில் எண்ணே இராது, வேதவசனம் ஒன்று இருக்கும். எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு; அதில் மேலே புள்ளி வைத்த எழுத்துகளின் மதிப்பை மட்டும் கூட்டினால் ஆண்டு வரும். பேரப்பிள்ளைகளிடம் இதை விட்டுவிடுங்கள், ஆர்வமாகச் செய்வார்கள்.

எழுத்து தேய்ந்திருந்தால் சுண்ணக்கட்டி தேய்ப்பது, சவர நுரை பூசுவது, கம்பித் தூரிகை, ஆசிட் எதுவும் கூடாது. செங்கல் நிறச் செம்புரைக்கல் நீரைக் குடிக்கும், நுரையின் வேதிப்பொருள் உள்ளேயே தங்கி மேற்பரப்பு உதிர்ந்துவிடும். வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். படிக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி எடுத்துப்போய், வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து விழச் செய்யுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தானாகப் படிக்கக் கிடைக்கும். காலை 8 மணிக்குள் போனால் கண்ணாடியே வேண்டாம், சூரியனே சாய்வாக இருக்கும். நடுப்பகலில் படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது.

மழை ஓய்ந்த பருவம் என்பதால் புல் முழங்கால் உயரம் நிற்கும். ஒரு வாரம் முன்பே வெட்டச் சொல்லுங்கள். முந்தின நாள் வெட்டினால் வெட்டிய குவியலே பாதையை மறைக்கும், பாம்பு அதற்குள் ஒதுங்கும். மூடிய காலணி, நீளக் கால்சட்டை.

மாளா பற்றி முன்கூட்டியே குடும்பத்தாரிடம் சொல்லிவிடுங்கள். 1955இல் கிளம்பும்போது பள்ளியையும் ஏறக்குறைய நான்கு ஏக்கர் கல்லறைத் தோட்டத்தையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்று அந்த நிலத்தில் கல்லறைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கின்றன. நிலத்தில் விளையாட்டரங்கம் அமைப்பது பற்றிய வழக்கும் போராட்டமும் பல ஆண்டு நடந்தன. "தாத்தாவின் தாத்தா கல்லைப் பார்க்கலாம்" என்று சொல்லிக் கூட்டிவந்துவிட்டு வெறும் புல்வெளியைக் காட்டுவது கொடுமை. கல் இல்லை, நிலம் இருக்கிறது, அங்கே நின்று கத்தீஷ் (இறந்தோருக்காகச் சொல்லும் பிரார்த்தனை) சொல்லலாம் என்று முதலிலேயே சொன்னால் அவர்கள் மனம் தயாராகும்.

பேர்ஷேபா:

கத்தீஷுக்கு 13 வயது கடந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். 14 பேரில் யாராவது கோஹேன் (பழைய ஆலயக் குருமார்) வம்சமா என்று கேளுங்கள். கோஹேன்கள் கல்லறைக்கு நான்கு முழத்துக்குள், ஏறக்குறைய இரண்டு மீட்டர், வரக்கூடாது. மலபாரி மரபில் கோஹேன்கள் அரிது, ஆனால் இஸ்ரேலில் மற்றச் சமூகங்களோடு கலந்து மணந்திருப்பார்கள், மருமகன்கள் இருப்பார்கள். மாளாவில்தான் இது சிக்கல்: கல் இல்லாத இடத்தில் எங்கே கல்லறை இருந்தது என்றே தெரியாது. அவர்கள் சாலையிலேயே நிற்க நேரும். வெளியே நிழலும் நாற்காலியும் ஏற்பாடு செய்யுங்கள், வேலி ஓரமாக நின்றே ஆமென் சொல்லலாம். வெளியே வரும்போது கை கழுவ ஒரு குடம் தண்ணீர், செம்பு. வண்டியில் ஏறும் முன்பே கழுவுவார்கள்.

முசிறித்துறை:

சேந்தமங்கலத்தில் கோட்டையில் கோவிலகம் குன்றைச் சுற்றிப் பள்ளியும் கோயிலும் தேவாலயமும் மசூதியும் நடை தூரத்தில் இருப்பதைக் காட்டுங்கள். பரவூரில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். வாசல்கட்டிலிருந்து தூண் வரிசையிட்ட நீளமான நடை வழியாகப் பள்ளிக்குள் போகும் அமைப்பு அங்கேதான் முழுதாகத் தெரிகிறது. அங்கிருந்த அசல் பேழை (தோரா சுருள் வைக்கும் மரமாடம்) இன்று ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். இங்கே இருப்பது நகல். மட்டாஞ்சேரிக் கடவும்பாகத்தின் உள்வேலைப்பாடும் அங்கேதான் போனது. கட்டடம் மட்டும் இங்கே நின்று 2019 மழையில் ஒரு பகுதி சரிந்தது. குழுவில் சிலர் ஜெருசலேமில் பேழையைப் பார்த்திருப்பார்கள். அது எந்தச் சுவரில் இருந்தது என்று இங்கே காட்டலாம்: மேற்குச் சுவர். கேரளத்திலிருந்து ஜெருசலேம் மேற்கே இருப்பதால் இங்கே எல்லாப் பள்ளியிலும் பேழை மேற்கே. இன்னொரு தனித்தன்மை, வாசிப்பு மேடை இரண்டு: கீழே நடுவில் ஒன்று, மாடத்தில் பெண்கள் பகுதிக்கு முன்னால் ஒன்று.

பரவூரில் பெண்களைப் பாடவிடுங்கள். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தலைமுறைக்குக் கொடுத்த பாடல்கள் ஏராளம். ஆண்கள் முன்னிலையிலேயே பாடுவது இவர்கள் வழக்கம். இளையவர்களுக்கு மலையாள எழுத்து தெரியாது. மலையாளச் சொற்களை எபிரேய எழுத்தில் பெரிதாக அச்சடித்து 26 பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழர்கள் கவனிக்க ஒன்று: பரவூர்ப் பள்ளியைக் கட்டியவர் தாவீது யாக்கோபு கஸ்தியேல், அவருடைய பட்டம் முதலியார். கொச்சி அரசர் யூதத் தலைவருக்குக் கொடுத்த பட்டமே முதலியார்தான்.

கணவாய்க்காற்று:

அருமை. ஒரு சந்தேகம், தவறாக நினைக்க வேண்டாம். யூதர்களுக்குப் பூர்வீக நாடு இஸ்ரேல் அல்லவா? அழைப்பிதழில் கேரளத்தை "மூதாதையர் மண்" என்று போட்டால் முதியவர்கள் வருந்துவார்களா?

முசிறித்துறை:

வருந்த மாட்டார்கள். மேற்கே பார்த்துத் தொழுதார்கள், இந்த மண்ணில் புதைந்தார்கள். இரண்டும் ஒரே ஆட்கள்தான். அவர்களுடைய மரபில் முதல் ஊர் கொடுங்கல்லூர், எபிரேயத்தில் ஷிங்ளி. 16ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து விரட்டப்பட்ட பிறகு, அந்த ஊரில் இரவு தங்கக்கூடாது என்ற வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். ஆகவே கொடுங்கல்லூரில் விடுதி போடாதீர்கள், பகலில் போய்ப் பகலில் திரும்புங்கள். "மண்" என்றே போடுங்கள், "நாடு" வேண்டாம்.

சாவிக்கொத்து:

ஓய்வுநாள் ஏற்பாடு மிச்சமிருக்கிறது. வெள்ளி மதியம் 2 மணிக்குள் எல்லோரும் மட்டாஞ்சேரி அல்லது ஃபோர்ட் கொச்சி விடுதியில் இருக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மறைவது ஆறு மணி தாண்டிச் சில நிமிடத்தில். ஓய்வுநாள் விளக்கு அதற்கு 18 நிமிடம் முன்னால், ஹனுக்கா விளக்கு அதற்கும் முன்னால். இருட்டிய பிறகும் அரை மணி எரிய வேண்டும், ஆகவே ஒன்றரை மணி நேரத்துக்கு எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். விடுதிப் புகை உணரியின் கீழே வைக்காமல், ஓடு போட்ட திண்ணையில் தகரத் தட்டின் மேல்.

அறைக்கு மின்னட்டைப் பூட்டு கூடாது, உலோகச் சாவி. ஆள் நடந்தால் எரிகிற விளக்கு வழியில் இருந்தால் வெள்ளி மாலையே தொடர்ந்து எரியும்படி மாற்றச் சொல்லுங்கள். மாடி அறை முதியவர்களுக்கு வேண்டாம், மின்தூக்கியைப் பயன்படுத்த மாட்டார்கள். தெருவில் பொருள் சுமக்கக் கூடாது. பிரார்த்தனைப் புத்தகம், சால்வை எல்லாம் வெள்ளியன்றே பள்ளியில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். சக்கர நாற்காலி தள்ளுவது பற்றி அவர்கள் ரப்பியே (சமய குரு) முடிவு சொல்லட்டும். சுவர் சூழ்ந்த வளாகத்துக்குள் சுமக்கலாம் என்பதால் அப்படிப்பட்ட விடுதியில் மாற்றுப் பிரார்த்தனைக் கூடம் ஒன்றையும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

பரதேசிப் பள்ளியில் அன்று தொழ நிர்வாகிகளுக்கு முன்பே எழுத வேண்டும். சனியன்று பார்வையாளருக்கு மூடல். உள்ளூரில் பத்து ஆண்கள் இல்லாததால், வெளியிலிருந்து மின்யானோடு (தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள்) வரும் குழுவால்தான் அங்கே முழுத் தொழுகை நடக்கிறது. ஒரு காலத்தில் உறுப்பினராகச் சேர்க்காத சபையின் பள்ளியில், இன்று இவர்கள் வந்தால்தான் பத்துப் பேர் சேர்கிறார்கள். முதியவர்களுக்கு விருப்பமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டெழுத்து:

பரதேசிப் பள்ளியில் இருக்கும் செப்பேடுகளை விட்டுவிட வேண்டாம். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்தது, எழுத்து வட்டெழுத்து, நடுவே கிரந்தம். மூலத்தை எல்லோருக்கும் காட்ட மாட்டார்கள், நகல் போதும். இதே ஏட்டின் நகலைத்தான் 2017இல் மோடி நெதன்யாகுவுக்குக் கொடுத்தார். 72 உரிமைகள், அவற்றில் பெயர் சொல்லியிருப்பவை பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம் (பல்லக்கு), குடை, வடுகப்பறை, காகளம் (ஊதுகொம்பு), தோரணம். தமிழ் தெரிந்த வழிகாட்டி அந்தச் சொற்களை வாய்விட்டு வாசித்தால் மலையாளம் மட்டும் தெரிந்த பாட்டிக்கும் புரியும். பாவாடை என்பது நடக்கும் வழியில் விரிக்கும் துணி என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள், உடையென்று நினைத்துக்கொள்வார்கள்.

யூதத் தெருக் கடைகளில் "யூதர் வீட்டுப் பழம்பொருள்" என்று விற்கும் விளக்கையும் பெட்டியையும் வாங்கவேண்டாம் என்று எச்சரியுங்கள். பெரும்பாலும் புதிது. உண்மையிலேயே பழையதென்றால் விமான நிலையத்தைத் தாண்டாது. தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கினால்தான் போகும்.

கணவாய்க்காற்று:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பழைய வீடுகளைத் தேட இரண்டு குடும்பங்கள் கேட்கின்றன. 1955 விற்பனைப் பத்திரம் எங்கே கிடைக்கும்?

முசிறித்துறை:

ஊரைப் பொறுத்தது. பரவூர் திருவிதாங்கூர் என்பதால் பழைய நில ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகம். சேந்தமங்கலம், மாளா, எர்ணாகுளம் கொச்சி சமஸ்தானம், ஆகவே எர்ணாகுளம் வட்டார ஆவணக் காப்பகம். விற்பனைப் பத்திரத்துக்கு அந்தந்தச் சார்பதிவாளர் அலுவலகம். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது; எலியாகு என்பவர் பத்திரத்தில் ஏலியா, சாலமோன் என்பவர் சலாமோன், வீட்டுப் பெயர் தனி. பழைய சர்வே எண்ணோ, எல்லையில் இருந்த பக்கத்து வீட்டாரின் பெயரோ இருந்தால் அதை இப்போதே எழுதி வாங்குங்கள். தேடலுக்கு மூன்று மாதம் ஆகும். வீடு கிடைத்தால் இப்போது குடியிருப்பவரிடம் முதலிலேயே பேசி, உரிமை கேட்டு வரவில்லை, பார்க்க மட்டும் வருகிறார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பயம் நீங்கினால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். கதவு நிலையில் வலப்பக்கம், மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பள்ளமோ ஆணித் துளையோ இருக்கிறதா என்று பாருங்கள். மெசூசா (வேதவசனம் எழுதிய சுருள் வைத்த சிறு உறை) பொருத்தியிருந்த இடம் அது; வர்ணம் பல தடவை அடித்திருந்தாலும் விரலால் தடவினால் தட்டுப்படும்.